பன்முன்ஜோம் தரும் பாடம்
போரிட்டுக்கொண்டே பேசுவதா, போரை நிறுத்திவிட்டுப் பேசுவதா?

இரு நாடுகள் போரில் இறங்கிவிட்டபின் அவற்றின் முன் நிற்கும் கேள்விகளுள் மிகக் கடினமானது, போரை எப்போது நிறுத்துவது என்பதேயாகும். இன்னும் சில மாதங்கள் போரிட்டால் நல்ல நிபந்தனைகள் கிடைக்கும் என்று ஒரு சாரார் வாதிடுவர். ஒவ்வொரு நாளும் மடிகின்ற உயிர்களை எந்த நிபந்தனையும் ஈடுசெய்யாது என்று மறு சாரார் கூறுவர். இரு வாதங்களுக்கும் வலிமை உண்டு. இவற்றை வெறும் கொள்கையளவில் எடைபோடுவதைவிட, இரண்டு வழிகளும் ஒரே காலத்தில் கையாளப்பட்ட ஒரு போரின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வது பயனுடையது. 1950 முதல் 1953 வரை நடைபெற்ற கொரியப் போர் அத்தகையது. ஏறக்குறைய மூன்றாண்டு நீடித்த அப்போரில் இரண்டாண்டுக் காலம் பேச்சுவார்த்தையும் பீரங்கி முழக்கமும் ஒருசேர நிகழ்ந்தன. அதனை முடித்துவைப்பதில் இந்தியா ஆற்றிய பங்கும் குறிப்பிடத்தக்கது.

முதல் ஆண்டு

இரண்டாம் உலகப்போரின் முடிவில், 1945-இல், கொரியத் தீபகற்பம் 38-ஆம் அட்சரேகையை ஒட்டி இரண்டாகப் பிரிக்கப்பட்டது. வடக்கே சோவியத் படைகளும் தெற்கே அமெரிக்கப் படைகளும் நின்றன. 1948-இல் இரு பகுதிகளிலும் தனித்தனி அரசுகள் அமைந்தன. 1950 ஜூன் 25 அன்று வடகொரியப் படைகள் எல்லையைக் கடந்து தெற்கே புகுந்தன; மூன்றே நாளில் சியோல் நகரம் வீழ்ந்தது. ஐக்கிய நாடுகள் பாதுகாப்புக் கவுன்சில் இதனைக் கண்டித்துத் தென்கொரியாவுக்கு உதவுமாறு உறுப்பு நாடுகளை வேண்டியது. அமெரிக்கத் தலைமையில் 16 நாடுகளின் படைகள் போரில் கலந்துகொண்டன. இந்தியா போர்ப்படை அனுப்பவில்லை. லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ் தலைமையில் 60-ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவை அனுப்பியது.

ஆகஸ்ட் மாதத்தில் தென்கொரியப் படைகளும் நேச நாட்டுப் படைகளும் தென்கிழக்கு மூலையில் பூசான் துறைமுகத்தைச் சுற்றிய சிறு பகுதிக்குள் ஒடுங்கியிருந்தன. அந்நேரத்தில் இருந்த இடத்திலேயே போர் நின்றிருந்தால், படையெடுத்தவருக்கே நாட்டின் பெரும்பகுதி உரிமையாகியிருக்கும். அந்நிலையில் போரைத் தொடர்வதே சரி என்று கருதியவர்களைக் குறைகூற இயலாது. செப்டம்பர் 15 அன்று இன்ச்சான் துறைமுகத்தில் அமெரிக்கப் படைகள் தரையிறங்கியதும் நிலைமை மாறியது. செப்டம்பர் இறுதிக்குள் சியோல் மீட்கப்பட்டது. வடகொரியப் படைகள் பழைய எல்லைக்கு அப்பால் விரட்டப்பட்டன. பாதுகாப்புக் கவுன்சிலின் தீர்மானம் எதை நாடியதோ அது பெரும்பாலும் நிறைவேறிவிட்டது. போரை நிறுத்துவதற்கான முதல் வாய்ப்பு அப்போது வந்தது.

கேட்கப்படாத எச்சரிக்கை

அந்த வாய்ப்பு நழுவியதற்கு ஒரு சான்று இந்திய இராஜதந்திர வரலாற்றில் உள்ளது. அக்டோபர் 2-ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி, பீக்கிங்கில் இருந்த இந்தியத் தூதர் கே.எம். பணிக்கரைச் சீனப் பிரதமர் சூ என்லாய் அழைத்தார். அமெரிக்கப் படைகள் 38-ஆம் அட்சரேகையைக் கடந்தால் சீனா தலையிட நேரும் என்று அவர் தெரிவித்தார். இந்தியா இச்செய்தியை உடனே மேலை நாடுகளுக்கு அறிவித்தது. வாஷிங்டனில் அது வெறும் மிரட்டலாகவே கொள்ளப்பட்டது. படைகள் எல்லையைக் கடந்து வடக்கே யாலு ஆற்றை நோக்கி முன்னேறின. அக்டோபர் இறுதியில் சீனப் படைகள் போரில் இறங்கின. 1951 ஜனவரியில் சியோல் மீண்டும் வீழ்ந்தது. மார்ச்சில் மீண்டும் கைப்பற்றப்பட்டது. ஒன்பது மாதங்களுக்குள் அத்தலைநகரம் நான்குமுறை கைமாறிற்று.

1951 மே மாத இறுதியில் சீனப் படைகளின் பெரும் தாக்குதலும் முறியடிக்கப்பட்டபின், போர்முனை ஏறத்தாழப் பழைய எல்லையை ஒட்டியே நிலைத்தது. எந்தத் தரப்பும் மற்றதை முற்றாக வெல்ல இயலாது என்பது தெளிவாயிற்று. ஜூன் 23 அன்று ஐ.நா.வில் சோவியத் பிரதிநிதியாக இருந்த யாகோவ் மாலிக் வானொலி உரையில் போர்நிறுத்தப் பேச்சு தொடங்கலாம் எனக் கூறினார். ஜூலை 10 அன்று கேசாங் நகரில் இரு தரப்புத் தளபதிகளும் பேச அமர்ந்தனர். சில வாரங்களில் உடன்பாடு ஏற்படும் என்று பலர் நம்பினர். ஆனால் இரண்டாண்டுகள் கழிந்தன. 158 முழு அமர்வுகள் நடைபெற்றன.

பேச்சும் போரும் ஒருசேர

பேச்சு நடைபெறும் காலத்தில் போரும் தொடரும் என்பது தொடக்கத்திலேயே ஏற்கப்பட்டது. இதுவே பின்னர் வந்த துன்பங்களுக்கெல்லாம் அடிப்படையாயிற்று எனலாம். மேசையில் ஒரு சலுகையைப் பெறுவதற்காக மலைமுகடு ஒன்று தாக்கப்பட்டது. மலைமுகடு கைவிட்டுப் போனால் மேசையில் பிடிவாதம் கூடிற்று. 1951 ஆகஸ்டில் பேச்சு முறிந்தது. அக்டோபர் 25 அன்று பன்முன்ஜோம் என்ற சிற்றூரில் மீண்டும் தொடங்கிற்று. இடைப்பட்ட வாரங்களில் கிழக்கு மலைத்தொடரின் சில முகடுகளுக்காக ஆயிரக்கணக்கானோர் மடிந்தனர். பட்டாளத்தார் அம்முகடுகளுள் ஒன்றுக்குக் ‘குருதி முகடு’ என்றும், மற்றொன்றுக்கு ‘நெஞ்சுடையும் முகடு’ என்றும் பெயரிட்டனர்.

அமெரிக்கப் படைகளில் இறந்தோரும் காயமுற்றோரும் சேர்ந்த மொத்தச் சேதத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவான பகுதி, பேச்சு தொடங்கிய பின்னரே நேர்ந்தது. இவ்விரண்டாண்டுச் சண்டையால் போர்முனையில் ஏற்பட்ட மாற்றமோ சில கிலோமீட்டர் அளவினதே. ‘பன்றித்துண்டு மலை’ என்று படைவீரர் அழைத்த குன்றுக்காக 1953 ஏப்ரலிலும் ஜூலையிலும் கடும் போர் நடந்தது. ஜூலை 11 அன்று அமெரிக்கப் படை அக்குன்றைக் கைவிட்டு விலகியது. போர் நின்றதோ அதற்குப் பதினாறு நாள் கழித்து.

போரைத் தொடர வேண்டும் என்ற வாதம்

போரை உடனே நிறுத்த மறுத்தவர்களின் வாதத்தையும் நேர்மையாக எடுத்துரைக்க வேண்டும். போர் நின்றால் எதிரி இளைப்பாறி வலிமை பெறுவான் என்பது அவர்களது முதல் அச்சம். இதற்கு ஆதாரமும் உண்டு. 1951 நவம்பர் 27 அன்று எல்லைக் கோடு பற்றி ஓர் உடன்பாடு ஏற்பட்டது: முப்பது நாளுக்குள் முழு ஒப்பந்தம் கையெழுத்தாகுமானால், அன்றைய போர்முனையே எல்லையாகும். அம்முப்பது நாளில் பெரும் தாக்குதல்கள் ஓய்ந்தன. ஒப்பந்தம் கையெழுத்தாகவில்லை, ஆனால் சீன, வடகொரியப் படைகள் அந்த இடைவேளையில் சுரங்கங்களையும் பதுங்குகுழிகளையும் ஆழமாக வெட்டிக்கொண்டன. அதன்பின் அவர்களைப் பெயர்ப்பது மேலும் கடினமாயிற்று. ஐ.நா. படைத் தளபதி ரிட்ஜ்வே இதனை முன்கூட்டியே உணர்ந்து, எல்லைக் கோட்டை அவசரமாக ஏற்க வேண்டாம் என்று வாதிட்டிருந்தார்.

ஆயினும் இந்நிகழ்ச்சி உணர்த்தும் பாடம் வேறு. கண்காணிப்பாளர்கள் இன்றி, ஆயுதக் குவிப்புக்குத் தடை இன்றி, தவணை மட்டும் குறித்து விடப்படும் ஓய்வு, போர்நிறுத்தத்தின் பயனைத் தராது. முறையான போர்நிறுத்தம் என்பது எல்லைக் கோடு, இடைவெளிப் பகுதி, நடுநிலைக் கண்காணிப்பு ஆகியவற்றை உள்ளடக்கியதாதல் வேண்டும்.

கைதிகள் பிரச்சினை

1952 மே மாதத்திற்குள் மற்ற இனங்களில் பெரும்பாலும் உடன்பாடு கண்டுவிட்டது. எஞ்சி நின்றது போர்க்கைதிகள் பற்றிய ஒரே பிரச்சினை. போர் முடிந்ததும் கைதிகளைத் தாமதமின்றித் தாயகம் அனுப்ப வேண்டும் என்று 1949-ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின் 118-ஆம் பிரிவு கூறுகிறது. அதன்படி அனைவரையும் திருப்பி அனுப்ப வேண்டும் என்று சீனாவும் வடகொரியாவும் கோரின. ஐ.நா. தரப்பின் வசம் ஏறத்தாழ 1,32,000 கைதிகள் இருந்தனர். அவர்களிடையே விசாரித்தபோது, ஏறத்தாழ 70,000 பேர் மட்டுமே தடையின்றித் திரும்புவர் எனத் தெரியவந்தது. விருப்பமில்லாதவரைத் துப்பாக்கி முனையில் அனுப்ப இயலாது என்று அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமன் உறுதியாக நின்றார். இரண்டாம் உலகப்போருக்குப் பின் மேலை நாடுகள் வலுக்கட்டாயமாகத் திருப்பி அனுப்பிய சோவியத் கைதிகளுக்கு நேர்ந்த கதி அவர் மனத்தில் இருந்தது.

இது போலிக் காரணம் அன்று. மனிதாபிமானம் சார்ந்த கொள்கையே. ஆனால் அதன் விலையையும் கணக்கிட வேண்டும். எதிர்த்தரப்பில் சிறைப்பட்டிருந்த பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஐ.நா. தரப்பு வீரர்களும், திரும்ப விரும்பிய பல்லாயிரம் கொரியரும் சீனரும், இதன் பொருட்டு மேலும் ஓராண்டுக்கு மேல் முள்வேலிக்குள் கழித்தனர். போர்முனையில் நாள்தோறும் உயிர்கள் பலியாயின. கைதி முகாம்களிலும் உண்மையான சுதந்திரம் இருந்ததாகக் கூற இயலாது. அங்கு இரு அரசியல் பிரிவுகளும் தத்தம் பக்கம் நிற்குமாறு மற்றவரை அச்சுறுத்தின. 1952 மே மாதத்தில் கோஜே தீவு முகாமின் தளபதியையே கைதிகள் சிறைப்பிடித்தனர். 1952 அக்டோபர் 8 அன்று பேச்சுவார்த்தை காலவரையறையின்றி ஒத்திவைக்கப்பட்டது.

இந்தியா காட்டிய வழி

இத்தேக்கத்தை நீக்கும் முயற்சியில் இந்தியா இறங்கியது. 1952 நவம்பரில் ஐ.நா. பொதுச் சபையில் வி.கே. கிருஷ்ண மேனன் ஒரு தீர்மானத்தை முன்வைத்தார். அதன் சாரம் எளியது. திரும்பிச் செல்லுமாறும் எந்தக் கைதியையும் வற்புறுத்தலாகாது, திரும்பாதிருக்குமாறும் வற்புறுத்தலாகாது. முடிவு செய்யாதவர்களை இரு தரப்பும் தம் பிடியிலிருந்து விடுவித்து, நடுநிலை நாடுகள் அடங்கிய ஆணையத்திடம் ஒப்படைக்க வேண்டும். அங்கு அவரவர் நாட்டுப் பிரதிநிதிகள் நேரில் விளக்கம் கூறலாம். குறித்த காலத்துக்குப் பின்னும் முடிவாகாதவர்களின் நிலை அரசியல் மாநாட்டுக்கு விடப்படும்.

இத்தீர்மானத்தின் நுட்பம் ஒன்றில் அடங்கியிருந்தது. கைதிகள் பிரச்சினையைத் தீர்த்த பிறகே துப்பாக்கி ஓயும் என்ற வரிசையை அது மாற்றியது. துப்பாக்கி ஓய்ந்தபின், மூன்றாம் தரப்பின் பொறுப்பில், அப்பிரச்சினை தீர்க்கப்படலாம் என்றது. இரு தரப்பின் கௌரவமும் இதில் காக்கப்பட்டது. தொடக்கத்தில் இரு வல்லரசுகளுமே இதனை விரும்பவில்லை. அமெரிக்க இராஜாங்கச் செயலாளர் அச்செசன் திருத்தங்கள் கோரினார். சோவியத் பிரதிநிதி விஷின்ஸ்கி கடுமையாகத் தாக்கிப் பேசினார். எனினும் டிசம்பர் 3 அன்று 54 வாக்குகள் ஆதரவாகவும் 5 வாக்குகள் எதிராகவும் பதிவாகித் தீர்மானம் நிறைவேறியது. சீனா அதனை ஏற்க மறுத்தது.

1953 மார்ச் 5 அன்று ஸ்டாலின் காலமானார். மார்ச் 30 அன்று சூ என்லாய், திரும்ப விரும்பாத கைதிகளை நடுநிலை நாட்டிடம் ஒப்படைக்கலாம் என அறிவித்தார். ஏப்ரலில் நோயுற்ற கைதிகளும் காயமுற்ற கைதிகளும் பரிமாறப்பட்டனர். ஜூன் 8 அன்று கைதிகள் பற்றிய உடன்பாடு கையெழுத்தாயிற்று. அதன் அடிப்படை ஆறு மாதங்களுக்கு முன் இந்தியத் தீர்மானம் கூறியதே. போரை முடிக்கும் வழி அத்தனை காலமும் கண்முன்னே இருந்தது. அதை ஏற்கும் மனம்தான் பின்னர் வந்தது.

தென்கொரிய ஜனாதிபதி சிங்மன் ரீ நாடு முழுவதும் ஒன்றாகும் வரை போரிட வேண்டும் என்ற கருத்துடையவர். ஜூன் 18 அன்று அவர் தம் காவலில் இருந்த ஏறத்தாழ 27,000 வடகொரியக் கைதிகளைத் தாமாகவே வெளியேறச் செய்தார். இதனால் உடன்பாடு குலையும் நிலை ஏற்பட்டது. ஜூலையில் சீனப் படைகள் பெரும் தாக்குதல் தொடுத்தன. இறுதியில், அமெரிக்கா பாதுகாப்பு உறுதிமொழி அளித்தபின், தென்கொரியா கையெழுத்திடாவிட்டாலும் ஒப்பந்தத்தைத் தடுப்பதில்லை என ஒப்புக்கொண்டது. 1953 ஜூலை 27 காலை பத்து மணிக்குப் பன்முன்ஜோமில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அது நடைமுறைக்கு வந்தது அன்றிரவு பத்து மணிக்கு.

நடுநிலையின் சோதனை

ஒப்பந்தப்படி, திரும்ப விரும்பிய ஏறத்தாழ 75,000 கைதிகள் வடக்கே சென்றனர். எஞ்சிய 22,000-க்கு மேற்பட்டோரும், எதிர்த்தரப்பில் இருந்த 359 பேரும் நடுநிலை நாடுகளின் தாயகம் திருப்பும் ஆணையத்திடம் ஒப்படைக்கப்பட்டனர். இந்தியா, சுவீடன், சுவிட்சர்லாந்து, போலந்து, செக்கோஸ்லோவாக்கியா ஆகியவை அதன் உறுப்பு நாடுகள். தலைவராக லெப்டினன்ட் ஜெனரல் கே.எஸ். திம்மையா பொறுப்பேற்றார். கைதிகளைக் காக்க மேஜர் ஜெனரல் எஸ்.பி.பி. தோராட் தலைமையில் இந்தியக் காவற்படை சென்றது. இந்தியப் படை தம் மண்ணில் கால்வைக்கலாகாது என்று ரீ கூறியதால், வீரர்கள் கப்பலிலிருந்து ஹெலிகாப்டர் மூலம் எல்லை இடைவெளிப் பகுதிக்குக் கொண்டுசெல்லப்பட்டனர்.

பணி எளிதாக இல்லை. விளக்கம் கேட்க வர மறுத்துக் கைதிகள் கிளர்ச்சி செய்தனர். தொண்ணூறு நாள் தவணையில் விளக்க அமர்வுகள் நடைபெற்றவை ஏறத்தாழப் பத்து நாள்களே. கைதிகளை வலுவந்தமாக இழுத்துவந்தால் பெரும் உயிர்ச்சேதம் நேரும் என்பதால் திம்மையா அதனைத் தவிர்த்தார். சில நூறு பேர் தாயகம் திரும்பினர். பெரும்பாலோரை 1954 ஜனவரியில் முன்பு காவலில் வைத்திருந்த தரப்பிடமே ஆணையம் ஒப்படைத்தது. எந்தத் தரப்பையும் சாராமல் வேறு நாடு செல்ல விரும்பிய எண்பதுக்கும் மேற்பட்டோர் இந்தியப் படையுடன் கப்பலேறினர். தீர்வு குறைவுடையதே. ஆயினும் பதினான்கு மாதப் போரால் தீராத பிரச்சினை, இந்தக் குறைவான வழியில் சில மாதங்களில் முடிவுக்கு வந்தது.

வளர்ச்சி இழந்த ஆண்டுகள்

கொரியப் போரில் மாண்டோர் தொகை 25 லட்சத்துக்குக் குறையாது என்று பலர் மதிப்பிடுகின்றனர். அவர்களில் பெரும்பகுதியினர் பொதுமக்கள். தொடர்ந்து போரிட்டதன் விலை களத்தில் மட்டும் செலுத்தப்படவில்லை. பேச்சில் எதிரியை இணங்கவைக்கும் பொருட்டு 1952 ஜூனில் யாலு ஆற்றின் சூய்ஹோ நீர்மின் நிலையம் தாக்கப்பட்டது. 1953 மே மாதத்தில் டோக்சான் உள்ளிட்ட பாசன அணைகள் குண்டுவீசித் தகர்க்கப்பட்டன. வெள்ளம் நெல் வயல்களை அழித்தது. ஓர் அணையைக் கட்டுவதற்கு ஒரு நாடு செலவிடும் உழைப்பையும் ஆண்டுகளையும் அறிந்தவர்களுக்கு இவ்விழப்பின் அளவு எளிதில் விளங்கும். கொரியாவைச் சீரமைக்க ஐ.நா. பொதுச் சபை 1950 டிசம்பரிலேயே தனி நிறுவனம் ஒன்றை அமைத்தது; ஆனால் போர் ஓயும் வரை அதன் பணிகள் முழு அளவில் நடைபெற இயலவில்லை. போர்நிறுத்தத்துக்குப் பின்னரே தென்கொரியா தொழில் வளர்ச்சிப் பாதையில் அடியெடுத்து வைக்க முடிந்தது.

மற்றொரு போர், அதே கேள்வி

இப்பாடம் கொரியாவுக்கு மட்டும் உரியதன்று. 1980 செப்டம்பர் 22 அன்று ஈராக் ஈரான்மீது படையெடுத்தது. 1982 மே மாதத்தில் ஈரான் கோரம்ஷார் நகரை மீட்டது; ஈராக் போர்நிறுத்தத்துக்கு இணங்க முன்வந்தது. ஆக்கிரமித்தவர் தண்டிக்கப்பட வேண்டும் என்ற கோரிக்கையுடன் ஈரான் ஜூலையில் ஈராக்கினுள் படை நடத்தியது. அதன்பின் ஆறாண்டுகள் போர் நீடித்தது. நகரங்கள் ஏவுகணைத் தாக்குதலுக்கு இலக்காயின. ஈராக் நச்சுவாயுவைப் பயன்படுத்தியது. பாதுகாப்புக் கவுன்சிலின் 1987-ஆம் ஆண்டுத் தீர்மானத்தை ஏற்று 1988 ஆகஸ்ட் 20 அன்று போர் நின்றபோது, எல்லை பெரும்பாலும் பழைய இடத்திலேயே இருந்தது. ஈரான் நாடிய நீதியின் ஒரு பகுதி 1991 டிசம்பரில் கிட்டியது. 1980-ஆம் ஆண்டுத் தாக்குதலுக்கு நியாயம் இல்லை என்று ஐ.நா. பொதுச் செயலாளர் தம் அறிக்கையில் கூறினார். ஆறாண்டுப் போர் தராத அத்தீர்ப்பு, போர் நின்றபின் நடந்த விசாரணையின் வழியே வந்தது.

போர்நிறுத்தம் சமாதானம் ஆகுமா?

போர்நிறுத்தத்தை எதிர்ப்போரின் வலுவான வாதம் ஒன்று எஞ்சியுள்ளது. அது பிரச்சினையைத் தீர்க்காமல் உறையவைத்துவிடும் என்பதே அது. கொரியாவில் அவ்வாறே நிகழ்ந்தது. ஒப்பந்தம் பரிந்துரைத்த அரசியல் மாநாடு 1954-இல் ஜெனீவாவில் கூடி, முடிவின்றிக் கலைந்தது. அமைதி உடன்படிக்கை இன்றளவும் ஏற்படவில்லை. நான்கு கிலோமீட்டர் அகலமும் ஏறத்தாழ 250 கிலோமீட்டர் நீளமும் கொண்ட இடைவெளிப் பகுதி இரு கொரியாக்களையும் பிரித்து நிற்கிறது. பிரிந்த குடும்பங்களின் துயரம் தலைமுறைகளைக் கடந்தும் தீரவில்லை.

இக்குறை உண்மையானது. ஆனால் மேலும் போரிட்டிருந்தால் இக்குறை நீங்கியிருக்கும் எனக் கருத இடமில்லை. 1951 கோடையில் நின்ற இடத்திலேயே 1953 கோடையிலும் படைகள் நின்றன. இடையில் வீழ்ந்தவர்கள் எந்த ஒற்றுமையையும் வாங்கித் தரவில்லை.

இவ்வரலாற்றிலிருந்து சில முடிவுகளைப் பெறலாம். ஆக்கிரமிப்பாளன் முன்னேறிக்கொண்டிருக்கையில் எதிர்த்து நிற்பது தாக்கப்பட்ட நாட்டின் உரிமை. ஆக்கிரமிப்பு விலக்கப்பட்டதும், அல்லது போர்முனை அசையாமல் நின்றுவிட்டதும், அந்த உரிமையின் பொருள் மாறிவிடுகிறது. அந்நிலையில் முதலில் துப்பாக்கி ஓய வேண்டும். எல்லைக் கோடும் கண்காணிப்பும் அதனுடன் சேர்ந்தே வர வேண்டும். உடனே தீராத கேள்விகளை, இரு தரப்பும் ஏற்கும் மூன்றாம் தரப்பின் பொறுப்பில், காலவரையறையுடன் விட வேண்டும். அவ்வாறு பொறுப்பேற்கும் நாடு குறை கூறப்படுவதற்கும் ஆயத்தமாக இருத்தல் வேண்டும். கொரியாவில் இந்தியா இரு தரப்பின் ஏச்சையும் பெற்றது. ஆயினும் பல்லாயிரம் பேர் முள்வேலியிலிருந்து வெளியேறுவதற்கான கதவு அப்பணியால்தான் திறந்தது.